மின்சார காரில் மலைக்குக் கிளம்பும் முன்

பங்குனி பிறந்ததும் தருமபுரியில் வெயில் முகத்தில் அறையத் தொடங்கிவிடும். பரீட்சை முடிந்த பிள்ளைகள் வீட்டில் இருப்புக்கொள்ளாமல் எங்காவது கூட்டிப்போகச் சொல்லி நச்சரிப்பார்கள். போவதற்கும் இடமுள்ள மாவட்டம்தான். பக்கத்திலேயே வத்தல்மலை, அரூர் வழியாகச் சித்தேரி, பென்னாகரம் வழியாக ஒகேனக்கல். தொப்பூர் கணவாய் இறங்கிச் சேலம் தாண்டினால் ஏற்காடு. கோடை மழை ஒன்று விழுந்துவிட்டால் அங்கே காபித் தோட்டமெல்லாம் வெள்ளையாகப் பூத்து நிற்கும். இந்தச் சாலைகளில் இப்போது பச்சை நம்பர் பிளேட் கார்கள் கண்ணில் படுகின்றன. ஷோரூமில் சொன்ன கிலோமீட்டர் கணக்கை நம்பிக் குடும்பத்தோடு மலை ஏறுகிறவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். வண்டி நின்றால் யாரைக் கூப்பிடுவது, போன பணத்தை எப்படித் திரும்ப வாங்குவது என்பதெல்லாம் நடு வளைவில் நின்றுகொண்டு தேடக்கூடிய சங்கதிகள் இல்லை. பல வளைவுகளில் செல்போன் டவரே கிடைக்காது.

முதலில் அந்தக் கிலோமீட்டர் கணக்கைப் பார்த்துவிடலாம். விளம்பரத்தில் போடும் ரேஞ்ச், சோதனைக்கூடத்தில் உருளைகளின் மேல் வண்டியை ஓட்டி எடுத்த அளவு. அங்கே ஏற்றம் கிடையாது, பங்குனி வெயிலும் கிடையாது, பின்சீட்டில் மூன்று பேரும் டிக்கி நிறைய மூட்டை முடிச்சும் கிடையாது. 2021 மார்ச்சில் தில்லியில் இதுவே பெரிய விவகாரமானது. 312 கி.மீ. ஓடும் என்று சொல்லி விற்ற ஒரு காரில் அந்தத் தூரம் வரவில்லை என்று புகார் எழ, தில்லி அரசு அந்த மாடலுக்குத் தந்துகொண்டிருந்த மானியத்தை நிறுத்தி வைத்தது. நிறுவனம் உயர் நீதிமன்றத்துக்குப் போய் அந்த உத்தரவுக்குத் தடை வாங்கியது. அங்கீகாரம் பெற்ற சோதனையில் கிடைத்த எண்ணைத்தான் சொன்னோம் என்பது நிறுவனத்தின் வாதம். நாம் கவனிக்க வேண்டியது இதைத்தான்: விளம்பர எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு வழக்காடுவது கடினம். "மலைக்குப் போனாலும் இவ்வளவு நிச்சயம் வரும் சார்" என்று விற்பனையாளர் சொன்னால், அதை வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ எழுதித் தரச் சொல்லுங்கள். அப்படி எழுதிய ஒரு வரி பிறகு சாட்சியாக நிற்கும்.

மலைக் கணக்கு அப்படியொன்றும் கஷ்டமானதில்லை. ஆட்களோடு சேர்த்து 2 டன் எடையுள்ள வண்டி 1,000 மீட்டர் உயரம் ஏற, அந்த உயரத்துக்கு மட்டுமே சுமார் ஐந்தரை யூனிட் மின்சாரம் செலவாகும். மோட்டாரில் வீணாவதையும் சேர்த்தால் ஆறு யூனிட்டைத் தாண்டும். சேலம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்குள் இருக்கிறது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். ஆக, ஏற்காட்டு ஏற்றத்துக்கு மட்டும் ஏழு, ஏழரை யூனிட். தருமபுரியிலிருந்து சேலம் வரை ஏறத்தாழ 65 கி.மீ.க்குப் பத்து யூனிட், மலைப்பாதையின் 30 கி.மீ. ஓட்டத்துக்கு நாலைந்து யூனிட் என்று வைத்தால், போய்ச் சேர 22 யூனிட் ஆகிவிடும். 40 யூனிட் பேட்டரி என்றால் கவலையில்லை. சிறிய பேட்டரி கார்களின் எடை குறைவுதான், செலவும் குறையும். ஆனாலும் ஏசி போட்டு, இடையில் நிற்காமல் போய்விடலாம் என்று நினைப்பது ஆபத்து. சேலத்தில் அரைமணி நேரம் சார்ஜ் போட்டுவிட்டு ஏறுவதே நல்லது.

இறங்கும்போது, வேகம் குறைவதையே மின்சாரமாக்கிப் பேட்டரிக்கு அனுப்பும் ரீஜென் பிரேக்கிங் அந்தச் செலவில் ஒரு பகுதியைத் திருப்பித் தரும். இதில் பலருக்குத் தெரியாத ஒரு சிக்கல் உண்டு. மலை மேல் விடுதியில் இரவு முழுக்கச் சார்ஜ் போட்டு 100 சதவீதம் நிரப்பிக்கொண்டு காலையில் இறங்கினால், வருகிற மின்சாரத்தை வாங்கிக்கொள்ளப் பேட்டரியில் இடம் இருக்காது. ரீஜென் குறைந்துபோய், பாரம் முழுவதும் சாதாரண பிரேக் மேல் விழும். இருபது கொண்டைஊசி வளைவுகளில் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். மேலே 80 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தொப்பூர் கணவாயைப் பற்றித் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். தருமபுரியிலிருந்து சேலம் போகும் பக்கம் அது நீண்ட இறக்கம். டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்கும் லாரிகளும், பிரேக் பிடிக்காமல் போகும் லாரிகளும் அங்கே வாங்கியிருக்கும் உயிர்கள் கொஞ்சமல்ல. 2024 ஜனவரி 24 அன்று நடந்த விபத்தில் வண்டிகள் ஒன்றோடொன்று மோதித் தீப்பற்றியதில் நான்கு பேர் இறந்தார்கள். மின்சார காரில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததுமே வேகம் சட்டென்று குறையும். பின்னால் வரும் லாரி ஓட்டுநர் அதை எதிர்பார்த்திருக்க மாட்டார். அந்த இறக்கத்தில் காலைப் படிப்படியாக எடுங்கள், கனரக வண்டிகளுக்கு முன்னே போய் ஒட்டி நுழையாதீர்கள், வேக வரம்புப் பலகையை மதியுங்கள்.

சார்ஜிங் நிலையங்களுக்கு வருவோம். நெடுஞ்சாலையின் இரு பக்கமும் 25 கி.மீ.க்கு ஒரு நிலையமாவது வேண்டும் என்று மத்திய மின்துறை அமைச்சகத்தின் 2022 வழிகாட்டு நெறிமுறை சொன்னது. 2024 செப்டம்பரில் அதைத் திருத்திப் புதிதாக வெளியிட்டார்கள். இது அரசு தனக்கு வைத்துக்கொண்ட இலக்கு. ராத்திரி பத்து மணிக்கு ஒரு நிலையம் பூட்டிக் கிடந்தால் இந்தக் காகிதத்தைக் காட்டி யாரையும் எழுப்ப முடியாது. செயலியில் பச்சையாகத் தெரிவதாலேயே ஒரு சார்ஜர் வேலை செய்கிறது என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. கடைசியாக யார், எப்போது சார்ஜ் போட்டார்கள் என்று பாருங்கள். அந்த நிலையத்துக்கே போன் செய்து கேளுங்கள். அது பழுதானால் போய்ச்சேர அடுத்தது எது என்று முடிவு செய்துகொண்டு கிளம்புங்கள். 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையை விட்டு விலகி பென்னாகரம், அரூர்ப் பக்கம் திரும்பும்போது இது இன்னும் முக்கியம். நம் ஊர்ச் சாலையில் திட்டமிட்ட சார்ஜர்கள் எத்தனை, வேலை செய்பவை எத்தனை என்று தேசிய நெடுஞ்சாலை ஆணையத்திடம் 10 ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். இப்படிக் கேட்கிறவர்கள் பெருகினால்தான் மலையடிவாரங்களுக்குச் சார்ஜர் வரும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

காலை 9 முதல் மாலை 4 வரை சூரிய மின்சாரம் கிடைக்கும் நேரம் என்பதால் நிலையங்களுக்கான மின்கட்டணத்தை அப்போது குறைவாக வைக்கச் சொல்கிறது 2024 நெறிமுறை. ஆனால் உச்சி வெயிலில் ஓடிவந்த பேட்டரி சூடாக இருந்தால், வண்டியே பாதுகாப்புக்காகச் சார்ஜ் ஏறும் வேகத்தைக் குறைத்துவிடும். ஒன்பதிலிருந்து பதினொன்றுக்குள் நிழலில் போடுவது காசுக்கும் பேட்டரிக்கும் நல்லது.

அடிக்கடி நடக்கும் தொல்லை ஒன்று: யுபிஐ-யில் பணம் போய்விடும், சார்ஜர் ஓடாது. ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் சுற்றறிக்கைப்படி, உங்கள் கணக்கில் பணம் கழிந்து, வணிகருக்குப் போய்ச் சேர்ந்ததற்கான உறுதி வரவில்லை என்றால், ஐந்து நாட்களுக்குள் அது தானாகத் திரும்ப வர வேண்டும். அதற்கு மேல் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உண்டு. வங்கி 30 நாட்களுக்குள் தீர்க்காவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம். உதவி எண் 14448. பணம் நிறுவனத்தின் வாலெட்டுக்கே போய் அங்கே சிக்கிக்கொண்டால் அது சேவைக் குறைபாடு. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். சார்ஜரின் திரை, அதன் எண், நேரம் மூன்றும் தெரிகிற மாதிரி அங்கேயே ஒரு படம் எடுத்துக்கொள்ளாவிட்டால் பிறகு எதையும் நிரூபிப்பது சிரமம்.

மலைக் கிராமங்களில் தெரிந்தவர் வீட்டில் இரவு தங்கி, 15 ஆம்பியர் பிளக்கில் சார்ஜ் போடுவது நடக்கிற விஷயம்தான். இங்கே உரிமை என்ற பேச்சு நம் பக்கம் மட்டும் இருக்கக் கூடாது. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்தில் முதல் 100 யூனிட் இலவசம். உங்கள் கார் ஒரே இரவில் 30 யூனிட் இழுத்துவிடும். ஒரு விளக்கு, ஒரு மின்விசிறி, ஒரு டிவி என்று இலவச யூனிட்டுக்குள்ளேயே குடும்பம் நடத்தும் வீட்டில், அடுத்த ரீடிங்கில் அவர்கள் பணம் கட்ட வேண்டி வந்தால் அது உங்களால்தான். எவ்வளவு யூனிட் ஆனது என்று வண்டியின் திரையிலேயே தெரியும். அதை வீட்டுக்காரரிடம் காட்டி, தயங்கினாலும் வற்புறுத்தி அந்தச் செலவைக் கொடுத்துவிடுங்கள். வீட்டுக்காரர்களுக்கும் ஒரு எச்சரிக்கை உண்டு. விருந்தாளியிடம் செலவை வாங்கிக்கொள்வது வேறு; போகிற வருகிற வண்டிகளுக்கெல்லாம் வீட்டு இணைப்பிலிருந்து காசுக்குச் சார்ஜ் போட்டுத் தருவது வேறு. இரண்டாவது, 2003 மின்சாரச் சட்டத்தின் 126-ஆம் பிரிவில் அனுமதியற்ற பயன்பாடு என்று அபராதக் கணக்குக்குக் கொண்டுபோய்விடும். சார்ஜிங் நிலையம் வைக்க உரிமம் தேவையில்லை; அதற்குரிய இணைப்பு வாங்கினால் போதும்.

அந்த பிளக்கை நம்புவதற்கு முன் எர்த் இருக்கிறதா என்று பாருங்கள். எர்த் இல்லையென்றால் பல கார்களின் சார்ஜர் ஓடாமல் எச்சரிக்கை விளக்கைக் காட்டும். அதை ஏமாற்ற ஒயரை அங்கே இங்கே முறுக்கிக் கொடுப்பவர்களை அனுமதிக்கவே கூடாது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் வேண்டாம். கால் மணி நேரம் கழித்துப் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள்; கை பொறுக்காத சூடு இருந்தால் உடனே நிறுத்துங்கள். மின்தடை, குறைந்த அழுத்தம் பற்றிய புகாருக்கு மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987.

பாதையில் வண்டி நின்றுவிட்டால், தேசிய நெடுஞ்சாலையில் 1033. வருகிறவர்களிடம் மின்சார கார் என்று முதலிலேயே சொல்லி, நான்கு சக்கரமும் தரையில் படாமல் ஏற்றிப்போகும் வண்டியைக் கேளுங்கள். மோட்டாரோடு இணைந்த சக்கரங்கள் தரையில் உருள இழுத்துப்போனால் மோட்டார் கெட்டுப்போகலாம், வாரண்டியும் சிக்கலாகும். பல நிறுவனங்கள் பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கி.மீ. வாரண்டி தருகின்றன, அதை நாமே கெடுத்துக்கொள்ளக் கூடாது. அடிப்பாகம் பாறையிலோ வேகத்தடையிலோ பலமாக இடித்தால், ஓடுகிறதே என்று ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். இடித்த பிறகும் ஓட்டியதால்தான் சேதம் பெரிதானது என்று காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்க அது வழி செய்துவிடும். இடித்த இடத்தைப் படம் எடுத்து, அங்கிருந்தே தகவல் சொல்லுங்கள். கிளம்பும் முன்பே பாலிசியில் பேட்டரிக்கான கூடுதல் பாதுகாப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். இழப்பீடு மறுக்கப்பட்டால் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்து, ஒரு மாதத்தில் தீராவிட்டால் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். புகை வந்தாலோ சீறுகிற சத்தம் கேட்டாலோ எல்லோரும் இறங்கித் தூரமாகப் போய்விட்டு 112-ஐக் கூப்பிடுங்கள். லித்தியம் பேட்டரி அணைந்த மாதிரி இருந்து மறுபடி பற்றும். சாமான் எடுக்கத் திரும்பிப் போகவே கூடாது.

யாருக்காவது அடிபட்டால் 108. தமிழ்நாட்டு எல்லைக்குள் நடக்கும் விபத்துக்கு 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், எந்த மாநிலத்தவராக இருந்தாலும், பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். அடிபட்டவரைக் கொண்டுபோய்ச் சேர்ப்பவர்களுக்கும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஏ பிரிவு பாதுகாப்புத் தருகிறது.

பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் இறங்கும் காட்டுப் பாதையில் யானை நடமாட்டம் உண்டு. மின்சார காரின் சத்தமின்மையே அங்கே ஆபத்து. வளைவில் நாம் வருவது யானைக்கும் தெரியாது, அது நிற்பது நமக்கும் தெரியாது. பொழுது சாய்வதற்குள் கடந்துவிடுங்கள். காப்புக்காட்டில் வண்டியை விட்டு இறங்கி உள்ளே போவதும் நெருப்பு மூட்டுவதும் குற்றம். சருகு காய்ந்து கிடக்கும் இந்த மாதங்களில் ஒரு பீடித்துண்டு போதும். பயணத்தை ஊட்டி, கொடைக்கானல் வரை நீட்டுகிறவர்கள், உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் வந்த இ-பாஸ் முறையை முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும்.

வண்டியிலேயே குறை என்றால் கம்பெனி மும்பையில் இருக்கிறது, சென்னையில் இருக்கிறது என்று மலைக்க வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போட வழி தருகிறது. கொடுத்த விலை 50 லட்சம் வரை என்றால் தருமபுரியில் வசிப்பவர் இங்குள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்கே போகலாம். 12 லட்ச ரூபாய் காருக்கு வழக்குக் கட்டணம் 400 ரூபாய். 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. இணையத்தில் இ-ஜாக்ரிதி தளத்திலும் தாக்கல் செய்யலாம். ஒரே மாடலில் பலருக்கும் ஒரே குறை இருந்தால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 110-ஏ பிரிவின்படி அந்த வண்டிகளைத் திரும்பப் பெறச் சொல்லி உத்தரவிட மத்திய அரசுக்கு அதிகாரம் உண்டு. அதற்கான புகாரை வாகன் தளத்தில் பதியலாம். சர்வீஸ் சென்டருக்குப் போகும் ஒவ்வொரு முறையும் ஜாப் கார்டில் உங்கள் குறையை உங்கள் வார்த்தையில் எழுத வைத்து நகல் வாங்குங்கள். "ஜெனரல் செக்கப்" என்று மட்டும் எழுதி அனுப்பினால் பின்னாளில் குறையே இல்லை என்று ஆகிவிடும். வழக்குப் போட, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள் அவகாசம். அடுத்த சர்வீஸில் சரியாகிவிடும் என்ற பேச்சை நம்பிக் காத்திருப்பவர்களுக்கு அந்த இரண்டு ஆண்டுகள் தெரியாமலே ஓடிவிடுகின்றன.