சொரியாசிஸுக்கு ‘மாப்’ ஊசி: யாருக்கு, எப்போது?

மூங்கில்துறைப்பட்டு பக்கம் கரும்பு வெட்டும்போது சோகை கிழிக்காத கை கிடையாது. மத்தவங்களுக்கு அந்தக் கீறல் நாலு நாளில் ஆறிடும். சொரியாசிஸ் இருப்பவருக்கோ, அதே கோட்டில் ரெண்டு வாரம் கழித்துச் சிவந்த படை கிளம்பி வெள்ளிச் செதில் உதிரலாம். காயம்பட்ட தோலில் புதிதாக முளைப்பது இந்த நோயின் குணம். அதைப் பார்த்துப் பஸ்ஸில் பக்கத்து சீட்காரர் எழுந்து போகிறார் பாருங்கள், அதுதான் நோயை விடக் கொடுமை. சொரியாசிஸ் தொற்றாது. தொட்டாலும் ஒட்டாது, ஒரே சொம்பில் தண்ணீர் குடித்தாலும் ஒட்டாது.

உடம்பைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு சக்தியே தப்பாக உசுப்பப்படுவதுதான் காரணம். சுமார் ஒரு மாதத்தில் புதுப்பிக்க வேண்டிய தோல் சில நாட்களிலேயே அடுக்கடுக்காகக் குவிகிறது. களிம்பு, ஒளி சிகிச்சை, மாத்திரை என்றுதான் சிகிச்சை தொடங்கும். பலருக்கு அதுவே போதும். (மெத்தோட்ரெக்ஸேட் எழுதிக் கொடுத்தால் கவனம்: சொரியாசிஸுக்கு அது வாரம் ஒருமுறை மட்டும். தினமும் போட்டுக்கொண்டால் உயிருக்கே ஆபத்து.)

இதற்கெல்லாம் அடங்காத, உடம்பில் நிறைய இடத்தில் பரவிய நோய்க்குத்தான் மோனோகுளோனல் ஆன்டிபாடி. ஒரே ஒரு இலக்கை மட்டும் பிடிக்கும்படி ஆய்வகத்தில் வளர்த்த செல்களிலிருந்து எடுக்கும் புரதம் இது. 1975-ல் கோலரும் மில்ஸ்டைனும் வழி கண்டுபிடித்தார்கள், 1984-ல் நோபல் பரிசு கிடைத்தது. மருந்துச் சீட்டில் பெயர் ‘மாப்’ என்று முடிந்தால் அது இந்த வகை. செகுகினுமாப், அழற்சியைத் தூண்டும் ஐ.எல்-17ஏ என்ற புரதத்தைத் தடுக்கும். அடாலிமுமாப் தடுப்பது டி.என்.எஃப். புரதத்தை.

இதில் நம்ம நாட்டுக்கும் பங்கு உண்டு. பெங்களூரு பயோகான் நிறுவனம், கியூபாவின் ஹவானாவில் உள்ள மூலக்கூறு நோயெதிர்ப்பியல் மையத்தோடு சேர்ந்து உருவாக்கிய இட்டோலிசுமாப், 2013-ல் சொரியாசிஸுக்காக இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. 2014 டிசம்பரில் ஜைடஸ் நிறுவனம் அடாலிமுமாபின் உலகின் முதல் நிகர் மருந்தை இங்கே வெளியிட்டது. இந்த மருந்து இன்னும் பலருக்கு எட்டாத விலையில் இருக்கும்போது, இப்படி உள்ளூரில் தயாராவது சின்ன விஷயம் இல்லை.

ஊசிக்கு முன் மார்பு எக்ஸ்ரேயும் காசநோய்ப் பரிசோதனையும் கேட்பார்கள். ‘தோலுக்கு எதுக்கு நெஞ்சு எக்ஸ்ரே?’ என்று தட்டிக்கழிக்காதீங்க. உடம்பில் தூங்கிக்கொண்டிருக்கும் காசநோய்க் கிருமியை அடக்கி வைப்பதில் அதே டி.என்.எஃப்.க்கும் பங்கு இருக்கிறது. அதைத் தடுத்தால் கிருமி விழித்துக்கொள்ளலாம். மஞ்சள் காமாலை பி, சி பரிசோதனையும் உண்டு. சிகிச்சை நடக்கும்போது விடாத காய்ச்சலோ இருமலோ வந்தால், அடுத்த ஊசிக்கு முன்பே டாக்டரிடம் சொல்லணும்.

இது நோயை அடியோடு நீக்காது, அடக்கும். நிறுத்தினால் திரும்ப வரலாம். அதனால் முதல் டோஸ் வாங்கும் முன்பே, எத்தனை டோஸ், மொத்தம் எவ்வளவு ஆகும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ‘வேரோடு போக்கிடுவோம்’ என்று பெயரில்லாத பொடி விற்பவர்களிடம் போகவே வேண்டாம். அப்படிப் பொடியில் ஸ்டீராய்டு கலந்திருந்து, அதைத் திடீரென நிறுத்தினால், உடம்பு முழுக்கத் தோல் சிவந்து உரியும் அளவுக்கு நோய் சீறக்கூடும்.

முதலில் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம். அங்கிருந்து தேவைப்பட்டால் கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய இடத்துக்கு அனுப்புவார்கள். குடும்ப ஆண்டு வருமானம் ரூ.1,20,000-க்குள் என்றால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டையைக் கொண்டுபோய், உங்களுக்கு எழுதிய சிகிச்சை அதில் வருமா என்று மருத்துவமனைக் காப்பீட்டுப் பிரிவில் கேளுங்கள். பொதுவான சந்தேகங்களுக்கு 104.

படை கிளம்பும்போதெல்லாம் போனில் ஒரு போட்டோ எடுத்து வையுங்க, தேதியோடு இருக்கும். பழைய சீட்டுகளையும் படமெடுத்துக்கொள்ளலாம். ஊசியை வெளியே வாங்கினால் ஐஸ் பையோடு கேட்டு வாங்குங்கள்: 2 முதல் 8 டிகிரி குளிர் வேண்டும், ஆனால் ஐஸோடு நேராக ஒட்டக் கூடாது. வீட்டு ஃப்ரிட்ஜில் ஃப்ரீசரில் வைக்காதீங்க. உறைந்துபோன ஊசியைப் போட்டுக்கொள்ளக் கூடாது.