சர்க்கரைக் கணக்கு – 11: வாட்ச்சுக்கு முன்னால் ஒரு பட்டன் போன்

கையில் ஒட்டிக்கொள்ளும் குளுக்கோஸ் சென்சார்தான் இந்த வாரம் என்று சொல்லியிருந்தோம். ஆனால் சென்சாருக்குப் போகும் வழியில் சென்னை ஆய்வு ஒன்று குறுக்கே வந்து மறித்துவிட்டது.

மீஞ்சூரிலிருந்து காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கும் அனல்மின் நிலையத்துக்கும் ஷிப்ட்டுக்குப் போகிறவர்களின் மணிக்கட்டில் இன்று ஸ்மார்ட் வாட்ச் சகஜம். 2009-ல் அதே ஆட்களின் சட்டைப் பையில் இருந்தது பட்டன் போன். அந்த ஆண்டு ஆகஸ்டில், சென்னை டாக்டர் ஏ. ராமச்சந்திரனின் குழு லண்டன் இம்பீரியல் கல்லூரியோடு சேர்ந்து, தென்கிழக்கு இந்தியத் தொழிற்சாலைகளில் ஆள் தேடத் தொடங்கியது. 8,741 பேரைப் பரிசோதித்து, 35 முதல் 55 வயதுவரையான ஆண்கள் 537 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். யாருக்கும் சர்க்கரை நோய் இல்லை. ஆனால் குளுக்கோஸ் தண்ணீர் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் 140-ஐத் தாண்டி, 200-க்குள் நிற்கும் உடம்பு. வாசல்வரை வந்துவிட்டவர்கள்.

எல்லோருக்கும் முதல் நாள் உணவு, நடை பற்றி அறிவுரை. அதன் பிறகு 266 பேரை அப்படியே விட்டுவிட்டார்கள். மீதி 271 பேருக்கு மட்டும் அடிக்கடி எஸ்எம்எஸ் போனது. எல்லோருக்கும் ஒரே செய்தி அல்ல. மாறத் தயாராக இருப்பவருக்கு ஒன்று, இன்னும் யோசித்துக்கொண்டிருப்பவருக்கு வேறொன்று.

எஸ்எம்எஸ் என்பது எவ்வளவு சின்னப் பெட்டி! ஆங்கிலத்தில் 160 எழுத்து பிடிக்கும். தமிழில் அடித்தால் 70-லேயே நிரம்பிவிடும். உயிர்க்குறிகளும் தனியாக எண்ணப்படுவதால் ‘சோறு’ என்று அடித்தாலே நான்கு காலி. அரிசியைக் குறை, படியேறிப் போ என்பதற்குமேல் அதில் என்ன உபதேசம் செய்துவிட முடியும்?

அதுவே போதுமாக இருந்தது. இரண்டு ஆண்டு முடிவில், மெசேஜ் வராதவர்களில் 73 பேருக்கு, அதாவது 27 சதவீதத்தினருக்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டது. மெசேஜ் வந்தவர்களில் 50 பேர், 18 சதவீதம். மாத்திரை இல்லை, கருவி இல்லை. 2013-ல் லான்செட் குழுமத்தின் நீரிழிவு இதழ் இதை வெளியிட்டது.

இதற்கு நேர்மாறாக அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் ஒன்று நடந்தது. எடை குறைக்க வந்த இளைஞர்கள் 471 பேரில் ஒரு பாதிக்கு, உடம்பில் அணியும் கருவி. 2016-ல் வெளியான முடிவு: கருவி அணிந்தவர்கள் இரண்டு ஆண்டில் குறைத்தது சராசரியாக 3.5 கிலோ, அணியாதவர்கள் 5.9 கிலோ.

நடக்கும் அடிகளை எண்ணுவதிலும் வாட்ச் ஏமாறும். அதற்குள் இருக்கும் முடுக்கமானி, கை வீசுவதை வைத்துத்தான் அடியை ஊகிக்கிறது. குடோனில் இரண்டு கையாலும் டிராலியைப் பிடித்துத் தள்ளுகிறவர் ஷிப்ட் முழுக்க நடந்தாலும், கை அசையாததால் பாதி நடை கணக்கில் ஏறாமல் போகலாம். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து கையை ஆட்டி ஆட்டி அரசியல் பேசுகிறவருக்குச் சும்மாவே சில அடிகள் வரவு. டிராலி தள்ளுகிறவர்கள் வாட்ச்சைப் பேன்ட் பையில் போட்டுக்கொண்டால் கணக்கு ஓரளவு சரியாகும், இதயத்துடிப்புதான் பதிவாகாது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் (ஐசிஎம்ஆர்) 2023-ல் வெளியிட்ட கணக்குப்படி, தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதத்தினருக்குச் சர்க்கரை நோய்; இன்னும் 10.2 சதவீதத்தினர் வாசலில். அந்த 537 பேரைப் போன்றவர்கள் இவர்கள்தான். இவர்களுக்கு வாட்ச் உதவ வேண்டுமானால் நேரமும் பொருந்த வேண்டும். மாலை நான்கு மணிக்கு ‘எழுந்து நட’ என்று அதிரும் வாட்ச், நைட் ஷிப்ட் முடித்துத் தூங்குகிறவரைத்தான் எழுப்பும். அதிரும் நேரத்தை அவரவர் ஷிப்ட்டுக்கு மாற்றும் வசதி பல வாட்ச்சுகளில் இருக்கிறது. செட்டிங்கைத் திறந்து பார்க்கிறவர்கள்தான் குறைவு.

சென்சார் அடுத்த வாரம், கட்டாயம். அதற்குள் ‘ஊசி குத்தாமலே சர்க்கரை பார்க்கும் வாட்ச்’ என்று யாராவது விற்க வந்தால் பர்ஸைத் திறக்க வேண்டாம். அப்படிப்பட்ட எந்த வாட்ச்சுக்கும் மோதிரத்துக்கும் தாங்கள் அனுமதி தரவில்லை என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் எச்சரித்திருக்கிறது. கையில் ஒட்டும் சென்சார் வேறு வகை. தோலுக்கு அடியில் மெல்லிய இழையை இறக்கித்தான் அது அளக்கிறது.

(தொடரும்)