டிராகன் ஆகாத ஒன்பது பிள்ளைகள்

சீன மரபில் டிராகன் என்பது மழையையும் ஆறுகளையும் ஆள்கின்ற, பேரரசரின் அதிகாரத்துக்கே அடையாளமாக நின்ற தெய்விக விலங்கு. மேலைநாட்டுக் கதைகளில் வீரர்களின் வாளுக்கு இரையாகும் கொடிய விலங்கோடு அதை ஒன்றாக எண்ணலாகாது. அந்த டிராகனுக்கு ஒன்பது பிள்ளைகள் பிறந்தன என்றும், அவற்றுள் ஒன்றேனும் தந்தையைப் போல் டிராகனாகவில்லை என்றும், ஒவ்வொன்றும் தனக்கென ஒரு வடிவும் ஒரு தீராத விருப்பமும் கொண்டிருந்தது என்றும் சீனர் கூறுவர். ஒரு குடும்பத்துப் பிள்ளைகள் குணத்தால் வேறுபட்டு நிற்பதைச் சுட்ட இக்கூற்று இன்றும் பழமொழியாக வழங்குகிறது.

கேட்பதற்கு ஆதிகாலத் தொன்மம்போலத் தோன்றினாலும், ஒன்பது பெயர்களையும் வரிசைப்படுத்திய பட்டியல் மிங் வமிச காலத்தில்தான் உருப்பெற்றது. 1487 முதல் 1505 வரை ஆண்ட ஹோங்ஜீ பேரரசர், டிராகனின் ஒன்பது பிள்ளைகள் யாவை என்று வினவியபோது, பெரும் புலவரும் அமைச்சருமான லீ தோங்யாங் உடனடியாக விடைகூற இயலாமல், பிற அறிஞர்களிடம் விசாரித்துத் துண்டுதுண்டாகக் கிடைத்த செய்திகளைக் கோத்தே ஒரு பட்டியல் அளித்தார். அவருக்குச் சற்று மூத்தவரான லூ ரோங், பழைய பொருள்களில் காணப்படும் பதினான்கு அலங்கார விலங்குகளை எழுதிவைத்தபோது, அவை டிராகனின் பிள்ளைகள் என்ற பேச்சையே எடுக்கவில்லை. அடுத்த தலைமுறையின் யாங் ஷென் தந்த பட்டியலோ லீயின் பட்டியலோடு முழுமையாக ஒத்துப்போவதில்லை. கொல்லரும் தச்சரும் கல்தச்சரும் பன்னெடுங்காலமாகச் செதுக்கிவந்த உருவங்களுக்குப் பிற்காலப் புலவர்கள் ஒரு தந்தையைத் தேடிக் கொடுத்தனர் என்று கொள்வதே பொருத்தமாகும்.

இதற்குத் தாவ்தியே என்னும் பெருந்தீனிக்காரப் பிள்ளை நல்ல சான்று. உடலின்றி முகமும் உருண்ட கண்களும் மட்டுமாகத் தோன்றும் அவ்வுருவம், கி.மு. இரண்டாம் ஆயிரமாண்டின் ஷாங் காலத்து வெண்கலக் கலங்களிலேயே நிறைந்து காணப்படுகிறது, கி.மு. மூன்றாம் நூற்றாண்டு நூலொன்று அதைப் பேராசைக்கான எச்சரிக்கையாக விளக்குகிறது. டிராகனின் பிள்ளையாக அது சேர்க்கப்பட்டதோ மிங் காலத்தில். தூபக்கலங்களின் மேலும் புத்தரின் பீடத்திலும் அமைதியாக அமர்ந்திருக்கும் சுவான்னீயும் அவ்வாறே வந்து சேர்ந்ததுதான். அது உண்மையில் சிங்கம். சிங்கம் வாழாத சீனத்தில் அவ்விலங்கின் உருவம் செல்வாக்குப் பெற்றதற்கு, இந்தியாவிலிருந்து சென்ற பௌத்தமும் அதன் சிம்மாசனக் கருத்தும் பெருங்காரணம்.

இப்பிள்ளைகளின் குறியீட்டுப் பொருள் அவற்றின் வீரத்தில் இல்லை, அவற்றுக்கு வாய்த்த வேலையில் இருக்கிறது. கூச்சலிடுவதில் விருப்பமுள்ள பூலாவ், மணியைத் தொங்கவிடும் பிடியில் அமர்த்தப்பட்டது. திமிங்கிலத்தைக் கண்டால் அது அஞ்சி அலறும் என்ற நம்பிக்கையால், மணியை அடிக்கும் கட்டையைத் திமிங்கில வடிவில் செய்வதும் வழக்கமாயிற்று. சினமும் கொலைவெறியும் கொண்ட யாசி வாளின் கைப்பிடிக்கும், வழக்காடுவதில் நாட்டமுடைய புலிமுகப் பீஆன் சிறைச்சாலைக் கதவுக்கும், இசைப்பித்துக் கொண்ட சியூநியூ நரம்புக்கருவியின் தலைப்பகுதிக்கும், யாரும் தன்னை நெருங்குவதை விரும்பாத ஜியாவ்தூ வாயிற்கதவின் வளையத்துக்கும் சென்றன. குறையென்று ஒதுக்கத்தக்க இயல்பையும் உரிய இடத்தில் அமர்த்திப் பயன்கொள்ளும் இச்சிந்தனை, ஆயிரக்கணக்கான அதிகாரிகளைப் பணிக்கமர்த்தி ஆண்ட ஒரு பேரரசுக்கு இயல்பானதே. 1592இல் அச்சான 'மேற்குப் பயணம்' நாவலிலும், ஒரு டிராகன் அரசனின் ஒன்பது மைந்தருள் ஒருவன் புத்தருக்கு மணியடிப்பவனாகவும் இன்னொருவன் கூரை முகட்டைக் காப்பவனாகவும் வருகின்றனர்.

கூரை முகட்டுக்குரிய பிள்ளை சீவென். எதையும் விழுங்கும் இயல்புடைய இது, முகட்டின் இரு முனைகளையும் வாயால் கவ்விக்கொண்டிருக்கும். கி.மு. 104இல் பைலியாங் மாளிகை எரிந்தபின், அலையெழுப்பி மழை வரவழைக்கும் கடல்விலங்கின் உருவைக் கூரையில் வைக்கும் வழக்கம் பிறந்ததாக மரபு கூறுகிறது. மரத்தாலான கட்டடங்களுக்கு நெருப்பைவிடப் பெரிய பகை வேறில்லை. பெய்ஜிங் அரண்மனையின் தாய்ஹ மண்டபத்தில் இன்றுள்ள சீவென், மெருகிட்ட பதின்மூன்று துண்டுகளால் ஆனது, உயரம் 3.4 மீட்டர், எடை 4 டன்னுக்கும் மேல். அது ஓடிப்போகாதபடி முதுகில் ஒரு வாள் வேறு குத்திவைக்கப்பட்டுள்ளது! ஆயினும் 1421இல், பயன்பாட்டுக்கு வந்த சில மாதங்களிலேயே, அரண்மனையின் மூன்று பெருமண்டபங்களும் மின்னல் தாக்கி எரிந்துபோயின.

பாரம் சுமப்பதில் இன்பம் காணும் பீஷீ, ஆமை வடிவில் கல்வெட்டுப் பலகைகளின் அடியில் கிடக்கிறது. நான்ஜிங்கில் மிங் வமிசத்தை நிறுவிய பேரரசரின் சமாதியில், அவர் மகன் யோங்லே 1413இல் நிறுவிய பலகையையும் பீஷீதான் தாங்குகிறது. அப்பலகையைச் சுமக்குமாறு யோங்லே தந்திரமாகத் தூண்ட, தந்தையின் புகழ் பொறித்த கல்லின் பாரத்தைத் தள்ள முடியாமல் அது அகப்பட்டுக்கொண்டது என்பது நாட்டார் கதை. லீயின் பட்டியலில் பலகையின் அடியில் ஒரு பிள்ளையும், அதன் இரு பக்கங்களிலும் எழுத்தை விரும்பிப் பின்னிக்கிடக்கும் இன்னொரு பிள்ளையும் உண்டு.

பலகையில் டிராகன்களைச் செதுக்கும் அம்மரபின் கல்லொன்று தமிழையும் தாங்கியுள்ளது. யோங்லேயின் கடற்படைத் தளபதி செங் ஹ இலங்கைக்குக் கொண்டுவந்த, 1409ஆம் ஆண்டு தேதியிட்ட காலி மும்மொழிக் கல்வெட்டின் தலைப்பகுதியில் இரு டிராகன்கள் எதிரெதிராக நிற்க, கீழே சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தெய்வேந்திரமுனையின் தென்னாவரை நாயனாருக்கும், பாரசீகத்தில் இஸ்லாமிய மரபுக்கும் உரிய காணிக்கைகள் எழுதப்பட்டுள்ளன. 1911இல் காலி நகரில் ஒரு மதகின் மூடுகல்லாகக் கிடந்த நிலையில் அது கண்டெடுக்கப்பட்டது. இப்போது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டிருக்கிறது.