வாங்கிக்குங்க ஆயா

சனிக்கிழமை காலையில் பேளுக்குறிச்சி சந்தைக்குள் நுழைந்தால் கண்ணுக்கு முன்னால் மூக்குக்குத்தான் வேலை. மல்லி, சீரகம், மிளகு, கடுகு, வெந்தயம் என்று சாக்கு சாக்காக வாய் திறந்து கிடக்கும். கொல்லிமலையின் மேற்கு அடிவாரத்தில், சேந்தமங்கலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் இந்த ஊருக்குத் தை தொடங்கிக் கோடை வரை வருஷத்து மளிகை வாங்க வெளியூர்களிலிருந்தெல்லாம் ஆள் வருகிறது. நான் போனதும் மல்லி வாங்கத்தான்.

கடைக்காரம்மா எனக்கு எடை போட்டுக்கொண்டிருந்தபோது ஓர் ஆயா பக்கத்தில் வந்து நின்றார். எழுபதைத் தாண்டியிருக்கும். தோளில் சாயம் போன மஞ்சப்பை. வாய் திறந்து எதுவும் கேட்கவில்லை. எனக்குப் பின்னால் நின்றவர், “பிச்சைக்காரிங்க தொந்தரவு இங்கயும் வந்துருச்சு” என்றார். கடைக்காரம்மா அவரை ஏறிட்டும் பார்க்கவில்லை. தராசை அப்படியே விட்டுவிட்டு, மல்லியை இரண்டு கையாலும் அள்ளி, “வாங்கிக்குங்க ஆயா” என்றார். ஆயா பையை விரித்தார்.

ஒரே மனுஷிக்கு ஒரே நிமிஷத்தில் இரண்டு பெயர். வீடு வந்து சேரும் வரை அது என்னை விடவில்லை. கேட்டு வருபவரை என்னவென்று அழைப்பது என்ற விசாரம் இந்த மலைக்குப் புதிதல்ல.

கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரி, கடையெழு வள்ளல்களில் ஒருவன். செம்மேட்டில் அவனுக்குச் சிலை இருக்கிறது. ஆடி மாதத்தில் அரசே விழா எடுக்கிறது. அவனிடம் பரிசில் கேட்டுப் போன கழைதின் யானையார் பாடியது புறநானூற்றில் 204-ஆம் பாட்டாக இருக்கிறது. கேட்டது உடனே கிடைக்கவில்லை என்பது பாட்டின் போக்கிலேயே தெரிகிறது. ஆனாலும் புலவர் கோபப்படவில்லை. கேட்பது இழிவுதான், இல்லையென்று மறுப்பது அதைவிட இழிவு என்கிறார். எடுத்துக்கொள் என்று தானே முன்வந்து கொடுப்பது உயர்வு, அதையும் வேண்டாம் என்று சொல்வது அதனினும் உயர்வு என்கிறார். கடல் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் தாகம் எடுத்தவன் அங்கே போகமாட்டான், மாடு கலக்கிய குட்டையானாலும் குடிக்கிற தண்ணீர் இருக்கிற இடத்துக்குத்தான் பாதை விழும் என்கிறார். கேட்டது கிடைக்காவிட்டால் புறப்பட்ட வேளையையும் சகுனத்தையும் நொந்துகொள்வேனே தவிர உன்னை நோகமாட்டேன், ஓரி என்று முடிக்கிறார்.

கேட்பவர் வாயில் அவர் வைத்த சொல் ‘ஈ’. தொல்காப்பியர் ஈ, தா, கொடு மூன்றையும் பிரித்துக் காட்டியிருக்கிறார். தாழ்ந்தவர் உயர்ந்தவரிடம் கேட்டால் ஈ. ஒத்தவரிடம் கேட்டால் தா. உயர்ந்தவர் கேட்டால் கொடு. கேட்கிற நொடியிலேயே ஒருவர் எந்தப் படியில் நிற்கிறார் என்பதைச் சொல் காட்டிவிடுகிறது. தான் கீழ்ப்படியில் நிற்பது தெரிந்தே கேட்டார் யானையார். ஆனால் மறுக்கிறவனை அதற்கும் ஒரு படி கீழே நிறுத்திவிட்டார். இந்தக் கணக்கை நாம் எங்கே தொலைத்தோம் என்பதுதான் என் ஆதங்கம்.

அன்றைக்கு இரவலர் என்றால் யார்? பாணர், கூத்தர், பொருநர், விறலியர், புலவர். யாழையும் முழவையும் சுமந்து ஊர் ஊராக நடந்தவர்கள். எந்த வழியில் போனால் யார் கொடுப்பார் என்று அவர்களுக்குச் சொல்வதற்கென்றே ஆற்றுப்படை என்ற இலக்கிய வகை பிறந்தது. வன்பரணர் பாடிய புறநானூற்று 152-ஆம் பாட்டில், காட்டில் ஒரு வேட்டைக்காரன் இந்தக் கூட்டத்தை எதிர்கொள்கிறான். அவர்கள் பாடுகிறார்கள், தலைவன் புகழைக் கேட்டு அவன் கூசிப்போகிறான். தன் பெயரைச் சொல்லாமலே இறைச்சியும் மதுவும் பொன்னும் மணியும் கொடுத்து அனுப்புகிறான். அந்த வேடன்தான் ஓரி. கொடுத்தவன் வெட்கப்பட்டான் என்பதை எத்தனை முறை படித்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

அதே பாணரை இன்றைய சட்டத்தின் முன் நிறுத்திப் பாருங்கள். 1959-இன் பம்பாய் பிச்சை தடுப்புச் சட்டம் பாடுவது, ஆடுவது, குறி சொல்வது என்று எந்தச் சாக்கில் காசு கேட்டாலும் அதைப் பிச்சை என்றே வகுத்தது. பல மாநிலங்களுக்கு அதுதான் மாதிரி. நம் பக்கம் அதற்கும் முன்பாக 1945-லேயே சென்னை மாகாணத்தில் தனிச் சட்டம் வந்துவிட்டது. பம்பாய்ச் சட்டத்தை டெல்லிக்கும் நீட்டியிருந்தார்கள். பிச்சையைக் குற்றமாக்கிய அதன் பிரிவுகளை 2018-இல் டெல்லி உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. 2021-இல் கொரோனாவைக் காட்டித் தெருவில் கேட்பவர்களை அப்புறப்படுத்தச் சொல்லி ஒரு வழக்கு வந்தபோது, மேட்டுக்குடிப் பார்வையோடு இதை அணுக முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பிச்சைக்காரர், நாடோடிகள் முதலியோர் என்று ஒரே தலைப்பில் எண்ணப்பட்டவர்கள் 4,13,670 பேர். வீடில்லாமல் அலைவதும் கையேந்துவதும் அந்தத் தலைப்புக்கு ஒன்றுதான்.

சொற்களின் கதை இன்னும் வருத்தமானது. மதிப்பாகப் பிறந்த எத்தனையோ சொல்லை நாம் வசவாக்கி வைத்திருக்கிறோம். பரதேசி என்றால் வேறு தேசத்தவர், அவ்வளவே. கொச்சி மட்டாஞ்சேரியில் 1568-இல் கட்டிய யூதர் கோயிலின் பெயரே பரதேசி சினகாக். அங்கே அந்தச் சொல்லால் யாருக்கும் காயமில்லை. பண்டாரம் என்றால் பொருள் சேர்த்து வைக்கும் அறை; சைவ ஆதீனத் தலைவர்களைப் பண்டாரசந்நிதி என்று கைகூப்பிச் சொல்வார்கள். பக்கிரி, ஏழை என்ற பொருளில் அரபியிலிருந்து வந்தது. பிச்சையும் பௌத்தத் துறவியைக் குறிக்கும் பிக்குவும் ஒரே வேரில் முளைத்தவை. இந்த வரிசையில் ஒவ்வொரு சொல்லும் துறவியிடமிருந்தோ வழிப்போக்கரிடமிருந்தோ தெருவோரத்து மனிதருக்கு வந்து சேர்ந்தபோது மரியாதையை வழியிலேயே உதிர்த்துவிட்டது.

ஆண்டி மட்டும் கொஞ்சம் தப்பித்தது. பழனி முருகன் காப்பாற்றினான். பழனியாண்டி என்று இன்றும் பெயர் வைக்கிறார்கள். பேளுக்குறிச்சிக் கூவைமலையில் இருக்கும் பழனியப்பரோ சேவலைப் பிடித்துக்கொண்டு வேடனாக நிற்கிறார். அந்தப் படியில் நிற்கும்போதெல்லாம் எனக்கு வன்பரணரின் வேடன் நினைவுக்கு வருவான். திருச்சிக்குப் பக்கத்தில் பிச்சாண்டார்கோவில் என்று ஓர் ஊரே இருக்கிறது. அங்கே கேட்டு நின்றவர் சிவன்.

சாமிக்காக ஏந்தினால் பிச்சைக்கு இழிவில்லை என்பது நம் வீடுகளுக்கும் தெரியும். புரட்டாசிச் சனிக்கிழமையில் நாமம் போட்டு, சொம்பு ஏந்தி, “கோவிந்தா” என்று வாசலில் நிற்பவருக்கு அரிசி போட்டுக் கும்பிடுகிறோம். சின்ன வயதில் எனக்கு அம்மை போட்டபோது மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டு அம்மா மடிப்பிச்சை எடுத்தார். முந்தானையை விரித்து வீடு வீடாக அவர் நின்றதைப் பார்த்திருக்கிறேன். தெருவில் ஒருவர் கூட அவரைப் பிச்சைக்காரி என்று சொல்லவில்லை. அடுத்த வாரமும் பசிக்காக அதே வாசலில் நின்றிருந்தால் சொல்லியிருப்பார்கள்.

‘காரர்’ என்ற ஒட்டுதான் இதில் ஆளை மாட்டிவிடுகிறது. பால்காரர், கீரைக்காரர், பூக்காரர் என்பதுபோலப் பிச்சைக்காரர் என்றும் சொல்லும்போது அது ஒருவருடைய தொழிலாக, பிறவிக்குணமாக ஒட்டிக்கொள்கிறது. பெரும்பாலும் அந்த ‘ர்’ கூடக் கிடைப்பதில்லை; எண்பது வயதானாலும் ‘ன்’ தான், ‘ரி’ தான். 2022-இல் மத்திய அரசு கொண்டுவந்த ஸ்மைல் திட்டம், பிச்சையெடுக்கும் செயலில் ஈடுபட்டிருப்பவர்கள் என்று நீட்டி எழுதுகிறது. வாயில் புழங்காத நீளம்தான். ஆனாலும் எனக்கு அது பிடித்திருக்கிறது. இன்று கையேந்துகிறவர் நாளை ஏந்தாமலும் இருக்கலாம் என்று அந்தச் சொற்றொடர் இடம் விட்டு வைக்கிறது. ஊனமுற்றோரை மாற்றுத்திறனாளி என்று சொல்ல நம் நாக்கு பழகியதே, இதற்கு மட்டும் ஏன் பழகாது? சந்தையில் பழகியிருந்தது. ஆயா என்றால் போதுமாக இருந்தது.

அன்று மல்லிக்குப் பணம் கொடுத்துவிட்டு நகர்ந்தேன். நாலு கடை தள்ளி அதே ஆயா நின்றுகொண்டிருந்தார். கடுகு விற்கும் பையன் கைநிறைய அள்ளி நீட்டினான்.

“போன வாரம் நீ குடுத்ததே இருக்குது கண்ணு, வேண்டாம்” என்றார். பையின் வாயைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சீரகக் கடைப் பக்கம் நடந்தார்.