ஒருமையில் ஒரு காதல்



லேத்தும் வெல்டிங்குமாக இருக்கிற நமக்கு இலக்கணம் எதற்கு என்று கேட்காதீர்கள். பஸ்ஸில் நாம் முணுமுணுக்கும் காதல் பாட்டிலும் ஒரு இலக்கணம் இருக்கிறது. 'நீ'யா, 'நீங்க'ளா என்பதுதான் அது.

தமிழில் பன்மை என்றால் மரியாதை. ஒருமை என்றால் உரிமை. மாணிக்கவாசகர் நம்ம திருவண்ணாமலையில் பாடியதாகச் சொல்லப்படும் திருவெம்பாவையில், பெண்கள் சிவனையே ஒருமையில்தான் அழைத்து வேண்டுகிறார்கள். அந்த உரிமை சினிமாப் பாட்டிலும் உண்டு. வசனம் பேசும்போது 'நீங்க' என்று தலைகுனிகிற கதாநாயகி, பாட்டு வந்ததும் 'நீ' என்று பாடுவாள். கவனித்திருக்கிறீர்களா?

எங்க அம்மா இன்றுவரை அப்பாவை 'என்னங்க' என்றுதான் கூப்பிடுகிறார். ஆனால் அடுப்படியில் அவர் பாடுகிற பாட்டெல்லாம் 'நீ', 'உன்'தான்! வீட்டில் சொல்ல முடியாததைப் பாட்டில் சொல்லிவிடலாம் போலிருக்கிறது.

அடுத்தது முறைப்பெயர். 1961-ல் வந்த 'பாவ மன்னிப்பு' படத்தில் கண்ணதாசன் எழுதி பி.சுசீலா பாடிய ஒரு பாட்டு 'அத்தான்' என்ற அழைப்பிலேயே ஆரம்பிக்கிறது. 1976-ல் 'அன்னக்கிளி' படத்தில் பஞ்சு அருணாசலம் எழுத, இளையராஜா இசையில் எஸ்.ஜானகி பாடியபோது காதலன் கிராமத்து 'மச்சான்' ஆனான். (நம்ம ஹாஸ்டலில் 'மச்சான்' என்றால் ரெக்கார்டு நோட்டு கேட்கிறான் என்று அர்த்தம்!) இந்த இரண்டு சொல்லுமே கட்டிக்கொள்ளும் முறையைக் காட்டுபவை. காதலைச் சொல்லும்போதே சொந்தத்தையும் சொல்லிவிடுகின்றன. 'நீ'க்கு அந்த வேலி கிடையாது. ஊர், உறவு, சாதி எதையும் அது கேட்காது.

அப்புறம் இங்கிலீஷ். 'ஐ லவ் யூ'வில் வரும் 'யூ' என்பது நீயா, நீங்களா? யாருக்கும் தெரியாது! கூச்சப்படுகிறவனுக்கு அது வசதி. 2011-ல் தனுஷ் எழுதிப் பாடிய 'கொலவெறி' பாட்டு, அந்த இங்கிலீஷ் சொற்களுக்கே 'உ' வால் ஒட்டி நம்ம வாய்க்கு ஏற்ற தமிழாக்கிவிட்டது.

கடைசியாக 'டி'. பாட்டில் அது கொஞ்சல். அதையே முன்பின் தெரியாத பெண்ணிடம் பஸ் ஸ்டாண்டில் பாடினால் அது கேலி. சொல் ஒன்றுதான், கேட்பவளுக்குச் சம்மதமா என்பதில்தான் அர்த்தம் மாறுகிறது. இருவரும் 'நீ' என்றால் அது காதல். ஒருவர் மட்டும் 'நீ' என்று சொல்ல, மற்றவர் 'நீங்க' என்றே நின்றால்? அதில் உரிமை பாதிதான், மீதி அதிகாரம்.

அடுத்த முறை பாட்டு கேட்கும்போது, யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று கொஞ்சம் காது கொடுங்கள் நண்பர்களே!