நேரலை வகுப்பும் தொலைக்கல்விப் பொறியியல் மாணவரும்

தொழில் புரிந்தவாறே பொறியியல் பட்டம் பெற விரும்புவோருக்கு, 1980 ஆம் ஆண்டு நிறுவப்பட்ட இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் பெரும் வரப்பிரசாதமாகும். எனினும், மட்டக்களப்பிலோ யாழ்ப்பாணத்திலோ பணிபுரியும் ஒருவர் நாவலையில் நடைபெறும் வகுப்புக்குச் செல்வதாயின் முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் பயணிக்க வேண்டும். சம்பளமும் விடுமுறையும் இதிலேயே கரைந்துவிடுகின்றன.

2020 ஆம் ஆண்டு கொவிட் தொற்றினால் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபோது, நேரலைக் காணொளி வகுப்புகள் இத்தூரத்தைக் குறைக்கும் என்பது புலனாகியது. லேர்ன் கல்வி வலையமைப்பின் ஊடாக மாணவர்கள் கட்டணமின்றி விரிவுரைகளில் இணைய அன்று வழிசெய்யப்பட்டமை குறிப்பிடத்தக்கது.

ஆயினும், விரிவுரையாளரின் முகத்தைத் திரையில் காட்டுவது மாத்திரம் கற்பித்தலாகிவிடாது. பொறியியலில் ஒரு சமன்பாடு படிப்படியாக விரிவதை மாணவர் காண வேண்டும். அதற்கு எழுதுபலகையாகப் பயன்படும் மின்னணுத் தட்டும் தெளிவான குரலுமே முக்கியம். அசையும் படத்துடன் ஒப்பிடுகையில் குரலுக்குத் தேவைப்படும் தரவு மிகவும் சொற்பமாகும். எனவே, இணைப்பு நலிவுறும் வேளையில் படத்தை நிறுத்திக் குரலைக் காப்பதே விவேகமானது.

மேலும், விரிவுரையை முன்கூட்டியே பதிவு செய்து வழங்கிவிட்டு, நேரலை நேரத்தைச் சந்தேகங்களைத் தீர்ப்பதற்கும் கணக்குகளைச் செய்வதற்கும் ஒதுக்குவதே பயனளிக்கும். தமிழ்மொழி மூலம் பயின்று ஆங்கிலத்தில் பொறியியல் கற்கும் எமது மாணவர்களுக்கு, ஒரு பகுதியை மீண்டும் மீண்டும் கேட்கக் கிடைப்பது பேருதவியாகும். வேலைமுறை காரணமாகவோ, 2022 இல் நாம் அனுபவித்தது போன்ற நீண்ட மின்வெட்டினாலோ வகுப்பைத் தவறவிட்டவருக்கும் பதிவே கைகொடுக்கும்.

அதேவேளை, ஆய்வுகூடப் பயிற்சிக்குத் திரை ஈடாகாது. மின்சுற்றை இணைத்துப் பிழை கண்டறியும் அனுபவம் கையினால் வர வேண்டியதாகும். விரிவுரைகள் இணையத்துக்கு மாறுவதால் மீதமாகும் நேரத்தையும் பணத்தையும் பிராந்திய நிலையங்களின் ஆய்வுகூட வசதிகளை மேம்படுத்துவதற்குத் திருப்ப வேண்டும்.

நேரலை வகுப்பு செலவைக் குறைக்கும் உபாயமாக மாத்திரம் நோக்கப்படுமாயின், வசதியற்ற மாணவரே மீண்டும் பின்தள்ளப்படுவர். தலைநகருக்கு வெளியே வாழும் மாணவருக்கும் சமவாய்ப்பு அளிக்கும் ஏற்பாடாக அதனை வளர்த்தெடுப்பது சம்பந்தப்பட்டோரின் கடமையாகும் என்பதே எமது நிலைப்பாடாகும்.