பேரடிக்கு உரிய வேளை

1996ஆம் ஆண்டு யப்பானில் வெளிவந்த 'போக்கிமோன்' என்னும் வீடியோ விளையாட்டிலே 'ஹைப்பர் பீம்' என்றொரு தாக்குதல் உண்டு. அதன் வலிமை 150. நூற்றுக்குத் தொண்ணூறு முறை குறி தப்பாது. ஆயினும், அடித்த பிராணி அடுத்த முறை செயலற்று நிற்றல் வேண்டும். அவ்வேளையில் எதிரி தடையின்றித் தாக்குவான். மாணவனொருவன் இதனை எடுத்த எடுப்பிலேயே ஏவித் தோற்பதைக் கண்டேன். பரீட்சையிலும் அவன் கடினமான வினாவையே முதலில் தொடுபவன்!

அம்முதல் விளையாட்டிலே ஒரு சலுகை இருந்தது. எதிரி அவ்வடியிலேயே வீழ்ந்துவிட்டால் ஓய்வு வேண்டியதில்லை. ஆகவே, சிறு தாக்குதல்களால் அவனைத் தளர்த்தி, இனி ஓரடி போதுமெனக் கணித்த பின்னரே இதனை ஏவினர் தேர்ந்தோர். 1999இல் வந்த அடுத்த விளையாட்டிலே அச்சலுகை நீக்கப்பட்டது. அங்கே, எதிரியிடம் வேறொரு பிராணி எஞ்சியுள்ளதா என்பதையும் முதலில் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.